நாகை–காங்கேசன்துறை கப்பல் ஏன் அடிக்கடி நிற்கிறது? ஒரு நூற்றாண்டுக் கடல்வழியின் கணக்கு

2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் கிளம்பியது. பிரதமர் காணொளி வழியாகக் கொடியசைத்தார். ஒரு வாரம்கூட ஆகவில்லை, அக்டோபர் 20-இல் சேவை நின்றது. 2024 ஆகஸ்டில் வேறு ஒரு கப்பல், வேறு ஒரு நிறுவனம். அதுவும் மழைக்காலத்தில் நின்று 2025 பிப்ரவரியில் மறுபடி ஓடியது. “மீண்டும் தொடக்கம்”, “தற்காலிக நிறுத்தம்” என்று செய்திகள் மாறி மாறி வருவதால் பலருக்கும் குழப்பம். ஆள் சேரவில்லையா? கடல் சரியில்லையா? அரசியலா?

மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இதே கடலில் 1914 முதல் 1984 வரை, இடையே சில முறிவுகளோடு, சுமார் 70 ஆண்டுகள் கப்பல் ஓடியிருக்கிறது. அன்றும் இதே காற்று, இதே மணல்திட்டு. அப்படியானால் அன்று கப்பலைத் தாங்கிப் பிடித்தது எது, இன்று இல்லாமல் போனது எது என்று பார்த்தால்தான் இந்தச் செய்திகள் விளங்கும்.

கடலின் அமைப்பு

தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் இடையில் இருப்பது ஒரே கடல்போலத் தெரிந்தாலும் உண்மையில் இரண்டு. ராமேசுவரத்துக்கு வடக்கே பாக் விரிகுடாவும் பாக் நீரிணையும். தெற்கே மன்னார் வளைகுடா. இரண்டுக்கும் நடுவே தனுஷ்கோடியிலிருந்து மன்னார் தீவு வரை மணல்திட்டுகள் வரிசையாகக் கிடக்கின்றன. ராமர் பாலம், ஆதாம் பாலம் என்று சொல்வது இதைத்தான்.

வடக்குப் பக்கம் ஆழம் குறைவு. பாக் விரிகுடாவின் பெரும்பகுதி பத்து மீட்டரைச் சுற்றியே இருக்கும். தெற்குப் பக்கம் கரையை விட்டுக் கொஞ்சம் விலகியதும் நல்ல ஆழம். அதனால் பெரிய கப்பல் என்றால் தூத்துக்குடி–கொழும்பு வழிதான். குறுகிய வழி வேண்டுமென்றால் தனுஷ்கோடி–தலைமன்னார், ஆனால் அதற்கு அதிக ஆழம் கேட்காத சிறிய கப்பல்தான் சரிப்படும். நாகை–காங்கேசன்துறை தூரக் கணக்கில் இரண்டுக்கும் நடுவில் வருகிறது: சுமார் 60 கடல் மைல், அதாவது ஏறக்குறைய 110 கிலோமீட்டர், மூன்றரை நான்கு மணி நேரப் பயணம்.

அப்புறம் பருவக்காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றில் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குக் காற்று பாக் நீரிணையை நேராக அடிக்கும். நாகைக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் கரையேறியதே நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில்தான். இப்படிப்பட்ட வழியில் ஒரு சேவையை அக்டோபர் நடுவில் தொடங்கினால் அது எத்தனை நாள் ஓடும் என்பதை ஊர் மீனவர் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்.

தூத்துக்குடிக் காலம்

1914-க்கு முன்பு சென்னையிலிருந்து கொழும்பு போக வேண்டியவர்கள் ரயிலில் தூத்துக்குடி வரை போய் அங்கே கப்பல் ஏறினார்கள். அந்தத் தடத்தை ஏகபோகமாக வைத்திருந்தது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி.

வ.உ.சிதம்பரனார் 1906-இல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கியது இந்தத் தடத்தில் போட்டியிடத்தான். மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தலைவர் பாண்டித்துரைத் தேவர். ‘காலியா’, ‘லாவோ’ என்று இரண்டு கப்பல்கள் வாங்கினார்கள். இந்தக் கதையை நாம் தேசபக்திக் கதையாகவே படித்திருக்கிறோம். ஆனால் கப்பல் தொழிலின் கணக்கைப் புரிந்துகொள்ளவும் இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கியது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறங்கியது. பிறகு எதிர்த்தரப்பு இலவசமாகவே ஏற்றிச் செல்வதாகச் சொல்லி, கூடவே குடையும் கொடுத்தது என்பார்கள். கப்பல் தொழிலில் இப்படி ஒரு சண்டை நடக்கக் காரணம் உண்டு. ஒரு பயணி ஏறினாலும் ஆயிரம் பேர் ஏறினாலும் கரி, மாலுமி சம்பளம், துறைமுகக் கூலி எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் யாருக்கு வேறு தடங்களிலிருந்து வரும் வருமானம் இருக்கிறதோ, அவர் இந்தத் தடத்தில் நட்டத்தைத் தாங்கிக்கொண்டு அடுத்தவரை விரட்டிவிடலாம். 1908-இல் வ.உ.சி. சிறைக்குப் போனார், 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. காலியா கப்பல் போட்டிக் கம்பெனியின் கைக்கே போய்ச் சேர்ந்தது.

ரயிலோடு கட்டிய கப்பல்

1914 பிப்ரவரியில் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. அதோடு தண்டவாளம் தனுஷ்கோடி முனை வரை நீண்டது. அந்தப் பக்கம் இலங்கை ரயில்வே மதவாச்சியிலிருந்து மன்னார் வழியாகத் தலைமன்னார் வரை பாதை போட்டது. நடுவில் மிச்சமிருந்த 22 மைல் கடலுக்கு கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்ற மூன்று நீராவிக் கப்பல்கள். மூன்றும் வைசிராய்களின் பெயர்கள். கிளாஸ்கோவில் கட்டப்பட்டவை.

இங்கே கவனிக்க வேண்டியது கப்பல்கள் யாருடையவை என்பதை. எந்தக் கப்பல் கம்பெனிக்கும் சொந்தமானவை அல்ல, தென்னிந்திய ரயில்வேயின் கப்பல்கள் அவை. பயணி சென்னை எழும்பூரில் கொழும்புக்கு ஒரே சீட்டு வாங்கலாம். தனுஷ்கோடியில் இறங்கி, துறைமேடையில் நடந்து, கப்பலேறி இரண்டு மணி நேரத்தில் தலைமன்னார். அங்கே கொழும்பு ரயில் காத்திருக்கும். ரயில் தாமதமானால் கப்பலும் நிற்கும், ஏனென்றால் இரண்டும் ஒரே பயணத்தின் துண்டுகள். அந்த ரயிலுக்கு ‘போட் மெயில்’ என்று பெயர் வந்ததும் அதனால்தான்.

கப்பலின் வரவு செலவைத் தனியாகப் பார்க்க வேண்டிய தேவையே அப்போது இல்லை. 22 மைல் கடலில் கிடைக்கும் கட்டணம் அற்பமாக இருக்கலாம். ஆனால் அந்தக் கப்பல் இல்லாவிட்டால் சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரையிலான ரயில் கட்டணமும் கிடைக்காது. கப்பலில் விட்டதை ரயிலில் எடுத்தார்கள் என்று சொன்னால் தவறில்லை. பிற்பாடு இர்வின், கோஷன் என்ற கப்பல்கள் இந்தத் தடத்துக்கு வந்தன. இர்வின் வைசிராய், கோஷன் சென்னை கவர்னர்.

யார் போனார்கள்?

முதல் வகுப்பில் துரைமார்கள், வக்கீல்கள், செட்டியார்கள் போனது உண்மைதான். கப்பலை நிரப்பியவர்கள் வேறு ஆட்கள்: திருச்சி, சேலம், புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து இலங்கைத் தேயிலை, ரப்பர் தோட்டங்களுக்குப் போன தொழிலாளிகள். கங்காணிகள் ஊரில் ஆள் சேர்த்துக்கொண்டு வருவார்கள். அவர்கள் மண்டபம் முகாமில் சில நாள் தங்கவைக்கப்பட்டு, அம்மை, காலரா இல்லை என்று பார்த்த பிறகே கப்பலேற்றப்படுவார்கள். இந்திய மண்ணில் இருந்தாலும் அந்த முகாமை நடத்தியது இலங்கை அரசு. தூத்துக்குடி வழி ஓடிய காலத்தில் இதே வேலையைத் தட்டப்பாறை முகாம் செய்தது.

ஆகவே இந்தக் கப்பலுக்குப் பயணிகளைத் தேடி விளம்பரம் செய்யவேண்டிய நிலை இருந்ததே இல்லை. தோட்ட முதலாளிகளின் தேவைதான் அதன் வருமானம். பலருக்கும் அந்தப் பயணம் விரும்பி எடுத்த சீட்டு அல்ல, கங்காணியிடம் பட்ட கடனில் ஒரு வரி.

இந்த ஓட்டம் இரண்டு கட்டங்களாக அறுந்தது. 1939 ஆகஸ்டில் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர்கள் இலங்கைக்குப் போவதைத் தடைசெய்தது. 1948-இல் இலங்கை குடியுரிமைச் சட்டத்தையும் குடிவரவுச் சட்டத்தையும் கொண்டுவந்தது. முன்பு கல்யாணம், கருமாதி, திருவிழா என்று வந்துபோய்க்கொண்டிருந்த தோட்டக் குடும்பங்களுக்கு இனி அனுமதிச் சீட்டும் கடவுச்சீட்டும் வேண்டும். கடல் அதே 22 மைல்தான், அலுவலக மேசைகள்தான் கூடிக்கொண்டே போயின.

1964: ஒப்பந்தமும் புயலும்

அந்த ஆண்டு அக்டோபர் 30-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 1948 சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட 9,75,000 மலையகத் தமிழரில், அதாவது தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினரில், 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்று பிரித்தார்கள். அந்த மீதியை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள்.

ஒப்பந்தம் போட்டு எட்டு வாரம்கூட ஆகாத நிலையில், டிசம்பர் 22-23 இரவில், தனுஷ்கோடியைப் புயல் விழுங்கியது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயில் நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு கடலுக்குள் போனது. பாம்பன் பாலத்தின் 145 இரும்புத் தாங்கிகளில் 126 பெயர்ந்தன. இ.ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலத்தைச் சரிசெய்தார்கள், ஆனால் தனுஷ்கோடிக்கு ரயில் திரும்பவேயில்லை. குடியிருக்கத் தகாத இடம் என்று அரசு அறிவித்துவிட்டது.

இதனால் கப்பல் ராமேசுவரத்துக்கு மாறியது. கடல் தூரம் கூடியது. பின்னாளில் இந்தத் தடத்தில் ஓடிய ‘ராமானுஜம்’ கப்பலைப் பார்த்தவர்கள் ராமேசுவரத்தில் இன்னும் இருக்கிறார்கள். சினிமாப் பாட்டு இசைத்தட்டு, லுங்கி, சோப்பு என்று வாங்கி விற்றுப் பிழைத்தவர்கள் ஒரு பக்கம். ஒப்பந்தப்படி ‘தாயகம் திரும்பியவர்கள்’ இன்னொரு பக்கம். நுவரெலியா, பதுளைப் பக்கத்திலிருந்து தலைமன்னார் கோச்சியில் (ரயிலில்) மூட்டை முடிச்சோடு வந்து, தாங்கள் பார்த்தேயிராத ஒரு நாட்டுக்குக் கப்பலேறினார்கள். இறங்கியதும் மண்டபம் முகாம். தாத்தாவை அனுப்பிவைத்த அதே முகாம் பேரனை வரவேற்றது.

அதாவது ஒரு காலத்தில் தொழிலாளிகளை அந்தப் பக்கம் ஏற்றிய கப்பல், பின்னாளில் அவர்களின் பிள்ளைகளை இந்தப் பக்கம் ஏற்றியது. இரண்டு முறையும் பயணிகளை உண்டாக்கியது அரசாங்கக் கொள்கைதான்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு, 1984-இல் சேவை நின்றது. 1990-இல் தலைமன்னார் ரயில் பாதையும் போரில் அழிந்தது. ஆனால் ஆட்கள் கடலைக் கடப்பது நிற்கவில்லை. சீட்டும் கடவுச்சீட்டும் இல்லாமல் மீன்பிடிப் படகுகளில் வந்து தனுஷ்கோடி மணலில் இறங்கிய அகதிகளின் எண்ணிக்கை, ராமானுஜம் நின்ற பிறகுதான் பெருகியது.

2011: பெரிய கப்பல், காலி இருக்கைகள்

போர் முடிந்த பின் 2011 ஜனவரியில் இரு நாடுகளும் கடல்வழிப் பயணிகள் போக்குவரத்துக்கு உடன்பாடு செய்துகொண்டன. ஜூனில் ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’ என்ற கப்பல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே வாரம் இருமுறை ஓடத் தொடங்கியது. ஆயிரம் பேருக்கு மேல் ஏற்றக்கூடிய கப்பல், ஓர் இரவுப் பயணம். நவம்பரில் நின்றுவிட்டது.

சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம். தூத்துக்குடிக்குப் போக ஓர் இரவு, கப்பலில் இன்னோர் இரவு என்றால், நேரமும் பணமும் இருந்து கடலை ரசிக்க விரும்புகிறவரோ மூட்டை நிறைய இருப்பவரோதான் வருவார். வடக்கு இலங்கைக்குப் போக வேண்டியவருக்கு கொழும்பில் இறங்குவது இன்னும் சுற்று. ஆயிரம் இருக்கையை வாரம் இருமுறை நிரப்ப இது போதவில்லை.

இப்போதைய சேவையின் கணக்கு

2023-இல் இதற்கு நேர்மாறாகச் செய்தார்கள். ‘செரியபாணி’ 150 இருக்கைகள் கொண்ட சிறிய அதிவேகக் கப்பல், இந்திய கப்பல் கழகம் நடத்தியது. அடிப்படைக் கட்டணம் ஒரு வழிக்கு 6,500 ரூபாய். 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்து 7,670. தொடக்க நாளில் மட்டும் சுமார் 2,800 ரூபாய்க்குக் கொடுத்தார்கள், அன்று 50 பேர் போனார்கள். தினசரிச் சேவை என்று அறிவித்தது, முன்பதிவு இல்லாமல் உடனே வாரம் மூன்று நாளாகச் சுருங்கியது.

ஏன் இவ்வளவு கட்டணம்? காரணங்கள்:

1. இருக்கை குறைவு. 150 பேரும் வந்தாலும் செலவை 150-ஆல்தான் வகுக்க முடியும். பாதிதான் நிரம்பியது என்றால் ஒவ்வொருவர் தலையிலும் இரட்டிப்புச் சுமை.

2. இது பன்னாட்டுப் பயணம். ராமேசுவரத்தில் தீவு சுற்றிக்காட்டும் படகுபோல நினைக்கக்கூடாது. இரு கரையிலும் குடிவரவு, சுங்கம், சுகாதாரம், பாதுகாப்புச் சோதனை வேண்டும். கப்பல் நாளுக்கு ஒருமுறை வந்தாலும் அந்த ஏற்பாடு முழுநாளும் இருந்தாக வேண்டும். நாகை துறைமுகமோ கடுவையாற்றின் முகத்துவாரத்தில் இருக்கிறது. மணல் சேரச் சேரத் தோண்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

3. அதிவேகக் கப்பல்களுக்குப் பன்னாட்டு விதிகளில் தனிக் கட்டுப்பாடு உண்டு. அலை குறிப்பிட்ட உயரத்தைத் தாண்டினால் கிளம்ப அனுமதி கிடையாது. ஒதுங்கும் துறைமுகத்திலிருந்து நான்கு மணி நேர ஓட்டத்துக்கு மேல் விலகவும் கூடாது. ஆக வடகிழக்குப் பருவத்தில் ஓட்டுநருக்குத் துணிச்சல் இருக்கிறதா என்ற கேள்வியே எழாது, சட்டப்படியே நிறுத்தம்தான். அந்த மாதங்களிலும் ஊழியர் சம்பளமும் கப்பலின் வட்டியும் ஓடிக்கொண்டிருக்கும்.

4. விமானம். காங்கேசன்துறைக்குப் பக்கத்திலேயே பலாலி விமான நிலையம். சென்னை–பலாலி விமானம் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரத்தில் போய்விடுகிறது. சென்னையில் இருப்பவருக்கு நாகை வரை வருவதே ஓர் இரவுப் பயணம். கப்பல் கட்டணம் விமானத்தைவிட நன்றாகக் குறைந்தால்தான் ஆள் வரும், அல்லது சுமைக்கு அதிக இடம் கொடுக்க வேண்டும். பிறர் பொருளைக் கூலிக்குச் சுமந்துபோகும் ‘குருவி’களும் சிறு வியாபாரிகளும் சுமை விதி மாறும்போதெல்லாம் வருவதும் போவதுமாக இருப்பது இதனால்தான்.

2024 ஆகஸ்ட் 16 முதல் ஓடும் ‘சிவகங்கை’யும் 150 இருக்கைக் கப்பல்தான். நடத்துவது தனியார் நிறுவனம். இந்த முறை கட்டணம் குறைந்ததற்குக் காரணம் அரசு உதவி. நாகை துறைமுகத்தின் இயக்கச் செலவுக்காக மாதம் இரண்டரைக் கோடி இலங்கை ரூபாய்க்கு மேல் ஓராண்டுக்குத் தருவதாக இந்திய அரசு அறிவித்தது, பிறகு மேலும் ஓராண்டு நீட்டித்தது. இலங்கையும் கடல்வழிப் பயணிகளின் புறப்பாட்டு வரியைக் குறைத்தது.

இப்படிப்பட்ட உதவியைப் பொதுவாக இடைவெளி நிதி என்பார்கள். கட்டணமாக வருவதற்கும் உண்மையில் ஆகும் செலவுக்கும் உள்ள வித்தியாசத்தை அரசு ஏற்பது அதன் பொருள். இதைச் சிலர் வீண்செலவு என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்று ரயில்வே கணக்குக்குள் மறைந்திருந்த அதே நட்டம்தான் இன்று தனி வரியாக வெளியே தெரிகிறது. சிக்கல் உதவி கொடுப்பதில் இல்லை, அதை ஆண்டுக்காண்டு கொடுப்பதில் இருக்கிறது. ஓராண்டு உறுதியை நம்பி யாரும் இன்னும் பெரிய, கடலைத் தாங்கும் கப்பலை வாங்கிப் போடமாட்டார்கள். சிறிய கப்பலோ மழைக்காலத்தில் நிற்கும். நின்றால் பயணி நம்பிக்கை இழந்து விமானத்துக்குப் பழகிவிடுவார்.

ராமேசுவரம்–தலைமன்னார் வருமா?

2024 டிசம்பரில் இரு நாடுகளும் வெளியிட்ட கூட்டறிக்கையில் நாகை–காங்கேசன்துறை மறுதொடக்கத்தை வரவேற்றதோடு, ராமேசுவரம்–தலைமன்னார் சேவையையும் விரைவில் தொடங்க அதிகாரிகள் பணியாற்ற வேண்டும் என்றார்கள். காங்கேசன்துறைத் துறைமுகத்தைப் புதுப்பிக்க இந்தியா 6.15 கோடி டாலர் மானியம் தருகிறது.

பழைய தடத்துக்குச் சாதகமான விஷயம் தூரம். நாகைத் தடத்தில் பாதியும் இல்லை, அதனால் எரிபொருளும் நேரமும் குறையும், ஒரே கப்பல் ஒரு நாளில் பல நடை போகலாம். தண்டவாளமும் ஓரளவு திரும்பிவிட்டது. தலைமன்னார் பாதையை இந்தியாவின் இர்கான் நிறுவனம் மறுபடி அமைத்து 2015 மார்ச்சில் திறந்தார்கள். 2022 டிசம்பர் முதல் மண்டபத்தோடு நின்றுபோன ராமேசுவரம் ரயில்கள், 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்ததும் தீவுக்குள் வருகின்றன. தனுஷ்கோடிக்கு மறுபடி பாதை போட 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள், ரயில் வரவில்லை.

பாதகமானது ஆழம். ராமேசுவரம் பக்கம் ஆழமில்லாத கடல் என்பதால் புது இறங்குதுறை கட்ட வேண்டும், இல்லையென்றால் மிகச் சிறிய கப்பலோடு திருப்திப்பட வேண்டும். மன்னார் மாவட்டத்திலோ ராமநாதபுரத்திலோ தினமும் கப்பலை நிரப்பும் அளவுக்கு மக்கள்தொகையும் கிடையாது. இந்தத் தடத்தில் கப்பல் நிரம்ப வேண்டுமானால் மதுரை, திருச்சி, சென்னையிலிருந்து ரயிலில் வருகிறவரும், அநுராதபுரம், கொழும்பிலிருந்து ரயிலில் வருகிறவரும்தான் நிரப்ப வேண்டும்.

எழும்பூரிலிருந்து இரவு கிளம்பும் ராமேசுவரம் ரயிலை இன்றும் போட் மெயில் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்த ரயில் காலையில் வந்து சேரும் நேரத்துக்குக் கப்பல் கிளம்புமா, கப்பல் தலைமன்னாரில் சேரும் நேரத்துக்குக் கொழும்பு ரயில் நிற்குமா, மூன்றுக்கும் சேர்த்து ஒரே சீட்டு கிடைக்குமா என்பதைப் பற்றி கூட்டறிக்கை எதுவும் பேசவில்லை.